சுடர் உள்ளே வளைந்த மாடம்

நான் பயந்தவள். இதை வெட்கத்தோடு சொல்லவில்லை. உயரம், எடை சொல்வதுபோலச் சொல்கிறேன். லண்டனின் கிழக்கே, பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிற எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட முன்னர் காஸ் அடுப்பின் நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்த நாட்களும் உண்டு. "நீ அடுப்பைக் கழட்டி ஹாண்ட்பாக்குக்குள்ளை வைச்சுக்கொண்டு போ, நிம்மதியாய் இருக்கும்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அவர் பஸ் ஓட்டுகிறார். பின்னேர ஷிப்ட் உள்ள நாட்களில் அவர்தான் கடைசியாக வீட்டைப் பூட்டுவார். அப்போது நான்கு திருகுகளையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். பத்து வருடமாக எங்களுக்குள் நடக்கும் காதல் கடிதம் அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவள்தான், பிரான்ஸ் நாட்டில் ஒரு பழைய கோட்டைக்குள் எரிகிற மெழுகுதிரி ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, லண்டனுக்கு ரயிலேறி வந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் கணவரின் வருத்தத்தைப் பற்றிய கதை அல்ல. நான் இதை எழுதும்போது அவர் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்து நடுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய கழுத்தில் வந்த கட்டி பொல்லாத கட்டி இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமை அது எங்களுக்குத் தெரியாது. முடிவு சொல்ல ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுவதும் அவர் சவரம் செய்யும்போது நான் குளியலறைப் பக்கமே போகவில்லை, கண்ணாடியில் அவர் அந்த இடத்தைத் தடவுவதைப் பார்க்க முடியாமல்.

என் வேலை பழைய கட்டடங்களை அளந்து வரைவது. பல வருடம் சூப்பர் மார்க்கெட்டில் காசு மேசையில் இருந்துவிட்டு, மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, நாற்பத்தாறு வயதில் இந்த வேலைக்கு வந்தேன். ஆல்ட்கேட் பக்கம் ஒரு மாடியில் நான்கு பேர் கொண்ட சின்ன அலுவலகம். மேலதிகாரி ஒரு ஆங்கிலேயப் பெண், கட்டடக் கலைஞர்; குரலை உயர்த்தாதவர், அதனாலேயே எனக்கு அவரிடம் இன்னும் பயம். ஆறு மாதம் என்னைப் பரீட்சித்துப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அது ஐந்தாவது மாதம். என்னைத் தனியாக அனுப்பிய முதல் வேலை அந்தக் கோட்டை.

பாரிஸிலிருந்து தெற்கே ரயிலில் இரண்டு மணி நேரம், பிறகு டாக்ஸியில் அரை மணி நேரம். கோதுமை வயல்கள், ஒரு சின்ன ஆறு, ஆறு வளைகிற இடத்தில் ஒரு மேடு, மேட்டின்மேல் வட்டமான ஒரு கோபுரம், கோபுரத்தோடு ஒட்டி நீளமான ஒரு வீடு. லண்டனில் இருக்கிற ஒரு தம்பதி அதை வாங்கிக் கலியாண மண்டபம் ஆக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னர் அதன் ஒவ்வொரு சுவரும் எங்கே நிற்கிறது, எவ்வளவு தடிப்பு என்று வரைபடம் வேண்டும். முக்காலியில் நிறுத்துகிற லேசர் கருவியை ஒவ்வொரு அறையிலும் வைத்தால் அது சுற்றிச் சுற்றி இலட்சக்கணக்கான புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளை லண்டனில் கம்ப்யூட்டரில் சேர்த்தால் கோட்டை திரையில் எழும்பி நிற்கும்.

கோட்டை என்றால் வீரம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அளக்கும்போதுதான் விளங்கியது, அது பயந்தவர்கள் கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் சுவர் இரண்டரை மீற்றர் தடிப்பு, ஒரு யன்னல்கூட இல்லை. முதலில் கட்டியபோது வாசலே நிலத்தில் இருக்கவில்லை. முதலாம் மாடியில் இருந்தது. ஏணி வைத்து ஏறி, பொழுது பட்டதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அம்பு விடுகிற பிளவுகள் வெளியே கை நுழையாத ஒடுக்கம், உள்ளே ஆள் நிற்கிற அகலம். வெளியே பார்க்க வேண்டும், வெளியே இருப்பவன் நம்மைப் பார்க்கக் கூடாது. கட்டியவரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அந்த மனுஷனும் படுக்கப்போக முன்னர் கதவை நாலு தரம் தொட்டுப் பார்த்திருப்பார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் கோட்டைக் காவற்காரர். எழுபது தாண்டியவர், முழங்கால் வருத்தக்காரர். என்னுடைய பிரெஞ்சு அரைகுறை. அவர் கையாலும் காலாலும் சொல்ல, நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போர் முடிந்ததும் கட்டியவரின் பேரப்பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. அம்புப் பிளவுகளை இடித்து, சிலுவைபோலக் கற்சட்டம் வைத்த பெரிய யன்னல்கள் போட்டார்கள். மாடிக்கு ஒன்றாக, குளிர்காய நெருப்பு எரிக்கிற, ஆள் நிமிர்ந்து உள்ளே நிற்கக்கூடிய கணப்புகள் கட்டினார்கள். பக்கத்து நீள வீட்டையும் கட்டினார்கள். புரட்சி வந்தபோது ஊர்ச்சனம் உளியோடு வந்து வாசலுக்கு மேலே இருந்த குலச்சின்னத்தைச் செதுக்கி அழித்தது. உள்ளே நின்ற புனிதர்களின் சுரூபங்களின் தலைகளை உடைத்தது. அடுத்து ஒரு தானிய வியாபாரி கோபுரத்தை வாங்கிக் கோதுமை கொட்டி வைத்தார். எலி வருமென்று கணப்புகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார். அவருக்குப் பிறகு வந்த பணக்காரர் ஒருவருக்குக் கூரை தட்டையாக இருந்தது பிடிக்கவில்லை. பழைய புகைபோக்கிகளின் தலைகளை வெட்டிவிட்டு, மேலே ஓக் மரச் சட்டம் அடித்து, ஊசிபோல ஒரு கூரை எழுப்பி, கறுப்புக் கற்பலகை ஓடு வேய்ந்தார்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அடைத்த கணப்பு, வெட்டிய புகைபோக்கி, மரக்கூரை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரி. ஒரு வரியை இன்னொரு வரியோடு சேர்த்துப் பார்க்கிற புத்தி மட்டும் அப்போது வரவில்லை.

காவற்காரரின் மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலை விட்டு எழும்ப முடியாது. நீள வீட்டின் கீழ்த்தளத்தில், கோபுரச் சுவரோடு முட்டிய அறையில் அவருடைய கட்டில். நான் அங்கே இருந்த இரண்டு நாளும் அந்த அறையில் வைத்துத்தான் சாப்பாடு தந்தார்கள், அவர் ஆட்களைப் பார்க்க ஆசைப்படுவார் என்று. வெந்தயக்கீரையோ என்று நினைக்கவைத்த ஏதோ ஒரு கீரை சூப். நான் முடிக்கும்வரை அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ரெலிபோன் குசினியில் இருந்தது, அவருடைய கைக்கு எட்டாத தூரத்தில்.

இனி மெழுகுதிரி. என் அக்கா பாரிஸின் வடக்குப் புறநகரில் முப்பது வருடமாக இருக்கிறாள். வருடா வருடம் பஸ் பிடித்து லூர்து மாதாவிடம் போய் வருகிறவள். கோட்டைக்குப் போகிற வழியில் அவள் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். விடிய வெளிக்கிடும்போது என் கையின் தடிப்பில் ஒரு மெழுகுதிரியைக் கொண்டுவந்து தந்தாள்.

"மாதாவின்ரை காலடியிலை வைச்சு எடுத்தது. உன்ரை மனிசனுக்கு நேர்த்தி வைச்சுக் கொளுத்து. ரெண்டு நாள் எரியும். ஒண்டு சொல்லுறன், ஊதி நூர்க்கக் கூடாது. தானா எரிஞ்சு முடியவேணும். இடையிலை நூர்ந்தா நேர்த்தி இல்லை."

எங்கே கொளுத்துவது? அதுதான் பிரச்சினை. லண்டனில் எங்கள் பங்குக் கோயிலில் சொந்த மெழுகுதிரி வைக்க விடுவதில்லை. அங்கே விற்கிற குட்டித் திரிகளைத்தான் வைக்கலாம், அதையும் கோயில் பூட்டும்போது அணைத்துவிடுவார்கள். வீட்டில் கொளுத்தினால் நான் இரண்டு நாளும் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். அக்காவின் மாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு எழுதிப் போடுகிற ஆள். ஒருவரும் வந்து அணைக்காத இடம் ஒன்று வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் கருவியை மூட்டை கட்டிக்கொண்டு முதலாம் மாடியில் நின்றபோது அப்படியொரு இடம் கண்ணெதிரே இருந்தது. முழங்கால் நோவதால் திங்கட்கிழமை வரை மேலே ஏற மாட்டேன் என்று காவற்காரர் காலையில் சொல்லியிருந்தார்.

சுவரில் ஒரு மாடம். மேலே கூர்வளைவு, கீழே கல் தட்டு, உள்ளே கரி படிந்து கறுத்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு வளைவு வைத்த பொந்து ஒன்றைக் கண்டால் போதும், உள்ளே மாதா நிற்பதாகத்தான் தெரியும். புரட்சியில் தலை உடைந்த சுரூபங்களில் ஒன்று இங்கேதான் நின்றிருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டினேன். கரி? என்னைப்போல எத்தனை பெண்கள், எத்தனை கணவன்மாருக்காகக் கொளுத்திய திரிகளின் கரி. நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. மெழுகுதிரியை நடுவில் நிறுத்திக் கொளுத்தினேன். சுடர் நிமிர்ந்து நின்றுவிட்டு, மெதுவாக உள்பக்கம் வளைந்தது, யாரோ கூப்பிட்டதுபோல. மாதா ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். ஸ்டேஷனிலிருந்து அக்காவுக்குப் போன் எடுத்து, "சுடர் உள்ளுக்கு வளைஞ்சதக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப பயமில்லை" என்றாள் அவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். புள்ளிகளைச் சேர்த்து முடிக்கப் பதினொரு மணியாயிற்று. மேலதிகாரி என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "அந்த மாடம் அழகாக இருக்கிறது. கோபுரத்தை அதன் நடுவால் வெட்டிக் காட்டுங்கள்" என்றார். வெட்டுப்படம் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பப்பாப் பழத்தை நெடுக்காக வெட்டி உள்ளே பார்ப்பதுபோலக் கட்டடத்தைக் கூரையிலிருந்து அத்திவாரம் வரை வெட்டிப் பார்ப்பது. நான் மாடத்தின் நடுவால் வெட்டினேன்.

கீழிருந்து மேலே வரைந்துகொண்டு போனேன். கீழ்த்தளம் இரண்டரை மீற்றர் சுவர், முழுக் கல். முதலாம் மாடியில் மாடம். மாடம் ஒரு முழ ஆழத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் வெளிச்சுவர் இன்னும் ஒரு மீற்றருக்கு அப்பால் இருந்தது. இடையில் என்ன இருக்கிறது? லேசர் சுவருக்குள்ளே பார்க்காது. அங்கே திரையில் ஒன்றும் இல்லை, கறுப்பு மட்டும். இரண்டாம் மாடியில் அதே இடத்தில் சுவர் உள்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே, கூரைக்கடியில், இடுப்பளவு உயரத்தில் சதுரமாக ஒரு கல் மொட்டை. மாடத்தின் நடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தேன். கோடு புடைப்புக்குள்ளால் ஏறி அந்த மொட்டைக்குள் போய் நின்றது.

குறிப்பேட்டின் மூன்று வரிகளும் அப்போதுதான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அது மாடம் இல்லை. வியாபாரி எலிக்குப் பயந்து அடைத்த கணப்பின் முகம் அது. அடைத்தவன் அழகுக்கோ, பொருள் வைக்கவோ வளைவு ஒன்றை விட்டிருக்கிறான். கரி எந்தப் பெண்ணும் கொளுத்திய திரியின் கரி இல்லை, அடுப்புக் கரி. பின்னால் புகைபோக்கி. அது மேலே போய் வானத்தில் திறக்கவில்லை. பணக்காரர் தலையை வெட்டியதால் கூரைக்குள்ளே, ஓக் மரங்களுக்கு நடுவே வாயைத் திறந்துகொண்டு நின்றது.

புதன்கிழமை நானே மேலே ஏறி எடுத்த போட்டோவைத் தேடித் திறந்தேன். அங்கே ஒரு வகைக் காகம் உண்டு, நம்மூர்க் காகம்போலக் கழுத்தில் சாம்பல் நிறம், உடம்பு சின்னது. புகைபோக்கிக்குள் சுள்ளி போட்டுப் போட்டுக் கூடு கட்டும். எத்தனை வருடச் சுள்ளியோ, மொட்டையின் வாய் நிறைந்து வழிந்து பலகைத் தரையில் சிதறிக் கிடந்தது. காய்ந்த சுள்ளி. படம் எடுக்கும்போது "நல்ல விறகு" என்று நினைத்துச் சிரித்தது ஞாபகம் வந்தது.

சுடர் ஏன் உள்ளே வளைந்தது என்பதும் அப்போது விளங்கியது. வளைவின் உச்சியில் ஒரு வெடிப்பு இருந்திருக்க வேண்டும். புகைபோக்கி சுடரைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.

   திரையில் அந்தக் கோபுரம் வெள்ளைப் புள்ளிகளாக அமைதியாக நின்றது. அது நேற்றைய கோபுரம். இந்த நிமிடத்தில் அது நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதன் அடியில், அதே சுவரில் தலைமாட்டை வைத்து, எழும்ப முடியாத ஒரு பெண் கிடக்கிறார்.

கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து தானாக நின்றது. திரும்ப எடுத்தேன். மூன்றாம் தரமும் எடுத்தேன். மணி அடிக்கிறதென்றால் வீடு இருக்கிறது என்று ஒரு நிமிடம் ஆறுதல்பட்டேன். பிறகுதான் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற நாள் என்று காவற்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த அம்மா தனியே இருக்கிறார். கைத்தொலைபேசி அவரிடம் உண்டா என்று நான் கேட்டு வைக்கவில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்காவுக்குச் சொன்னால் அவள் பிரெஞ்சில் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவாள். இல்லையென்றால் மேலதிகாரியிடம் சொன்னால் அவர் கூப்பிடுவார். நான் இரண்டும் செய்யவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் மேசையில் இருந்தேன். நாற்பது நிமிடம் இருந்தேன். திரையின் மூலையில் மணிக்கூடு இருந்ததால் அது சரியாகத் தெரியும்.

தீயணைப்பு வண்டி போனால் அரை மணி நேரத்தில் லண்டனுக்குச் செய்தி வரும். எரியவே இல்லையென்றாலும் என் வேலை போய்விடும். வாடிக்கையாளரின் கோட்டைக்குள் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தவளை யார் வைத்திருப்பார்கள்? இது ஒன்று. மற்றது இதைவிடக் கேவலம். யாராவது போனால் அதை ஊதி அணைப்பார்கள். இன்றைக்கு அது அணைந்தால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் என்ன சொல்வார்கள்? எனக்கு அப்படித்தான் தோன்றியது. படித்தவள், பாரம் எங்கே இறங்குகிறது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவள். ஆனாலும் அந்தச் சுடரும் என் கணவரின் கழுத்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. இரண்டு நாள் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணை ஒரு பக்கமும் என் மனுஷனை மறுபக்கமும் வைத்துக்கொண்டு இருந்தேன்.

சும்மா இருக்கவும் முடியவில்லை. வெட்டுப்படத்தில் மாடத்துக்குள் அந்த மெழுகுதிரியை அளவுப்படி வரைந்தேன். உயரம் முப்பது சென்ரிமீற்றர். தட்டிலிருந்து வளைவின் உச்சி ஐம்பத்தைந்து. எரிய எரியத் திரி குறையும், சுடர் வெடிப்பை விட்டுத் தூரப் போகும். அப்படியென்றால் ஆபத்தான நேரம் நேற்றுப் பின்னேரமே முடிந்துவிட்டது. எரிந்திருந்தால் நேற்றே எரிந்திருக்கும், இந்நேரம் செய்தி வந்திருக்கும். கணக்கு அழகாக வந்தது. பிறகு இன்னொன்று தோன்றியது. இழுக்கிற காற்றில் மெழுகு ஒரு பக்கமாக உருகித் திரி சரியலாம். வெடிப்பால் ஒரு சுள்ளி விழலாம். விழுந்த சுள்ளி புகையாமல் மணிக்கணக்காகக் கனன்றுகொண்டு கிடக்கலாம். ஒவ்வொன்றையும் நினைக்க நினைக்க அதற்கும் ஒரு கோடு வரைந்தேன்.

"அது என்ன?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. மேலதிகாரி தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

"மெழுகுதிரி" என்றேன். வேறென்ன சொல்வது? "மாடத்தின் அளவு விளங்குவதற்காக."

"நல்ல யோசனை" என்று சொல்லிவிட்டுப் போனார். 

பன்னிரண்டு மணி தாண்டியதும் கைத்தொலைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. என் கணவர் ஷிப்டுக்குப் போகிறார். போட்டோ வந்திருந்தது. நான்கு திருகுகளும் நேராக, பக்கத்தில் அவருடைய பெருவிரல். கீழே எழுதியிருந்தார்: "அடுப்பு நூத்தாச்சு. பயப்பிடாதை."

கழுத்தில் கட்டியோடு, திங்கட்கிழமையைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மனுஷன், நான் வீடு பற்றியெரியும் என்று பயப்படக் கூடாதென்று குனிந்து அடுப்பைப் படம் எடுத்திருக்கிறார். அவருக்காகத்தான் நான் இன்னொருவரின் வீட்டை எரியவிட்டுக்கொண்டிருக்கிறேன். எழும்பி வெளியே ஓடினேன். கட்டடத்தின் பின்புற இரும்புப் படிகளில் நின்று அக்காவை எடுத்தேன்.

"என்னடி, திரி எரிஞ்சு முடிஞ்சுதோ?" என்றாள்.

"அக்கா, அது மாதாவின்ரை மாடம் இல்லை. புகைபோக்கி. மேலை முழுக்கக் காஞ்ச சுள்ளி. கூரை மரக்கூரை."



"அங்கை மனிசர் இருக்கினமெல்லே?"

"ஓம். அந்த அம்மாவாலை எழும்ப ஏலாது. மனிசன் சந்தைக்குப் போயிட்டார். ஆனா அக்கா, ஊதி நூர்த்தா நேர்த்தி..."

"விசரி! நேர்த்தியும் மண்ணாங்கட்டியும்! மாதா உன்னட்டைக் கேட்டவவோ ஒரு மனிசியை எரிச்சுத் தாவெண்டு? நம்பரைச் சொல்லு. ஒருக்கா அடிச்சுப் பாப்பம். எடுக்காட்டி நான் உடனை பொம்பியேக்கு அடிக்கிறன்."

பொம்பியே என்றால் அங்கே தீயணைப்புப் படை. ஊதக் கூடாதென்று எனக்குக் கட்டளை போட்டவள் அவள்தான். அந்தக் கட்டளையைத் தூக்கி எறிய அவளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட எடுக்கவில்லை. நான் நாற்பது நிமிடம் எடுத்திருந்தேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்று பேரும் கேட்கும்படி இணைத்து அவள் அந்த வீட்டுக்கு அடித்தாள். மணி ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் எடுத்தார்கள். காவற்காரர்தான், மூச்சு வாங்கிக்கொண்டு. அக்கா படபடவென்று பிரெஞ்சில் கொட்டினாள். அவர் நிதானமாக நீளமாக ஏதோ சொன்னார். அக்கா "ஆ... ஆ..." என்றாள். எனக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிற குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபடி நின்றேன்.

"நேற்றே கண்டிட்டாராம்" என்றாள் அக்கா. "நீ டாக்ஸியிலை ஏறிப்போன கையோடை, முத்தத்திலை நிண்டு பாக்க, மேல் யன்னலின்ரை இருட்டுக்குள்ளை வெளிச்சம் ஆடுறது தெரிஞ்சுதாம். முழங்காலை ஏசி ஏசி ஏறிப்போய் ஊதி நூத்துப்போட்டாராம்."

போன உயிர் வந்தது. வந்த கையோடே மற்ற நினைப்பும் வந்தது. ஊதிவிட்டார். நேற்றே ஊதிவிட்டார். அந்த நேரத்திலும் அதை நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"நில்லு, முடியேல்லை. கீழை கொண்டுவந்து மனிசிக்குக் காட்டினவராம். மனிசி நல்ல ஏச்சாம். ஆரோ எதுக்கோ வைச்ச திரி, ஏன் ஊதினனீங்கள் எண்டு. சூப் கோப்பைக்குள்ளை தண்ணி விட்டு, அதுக்குள்ளை நிப்பாட்டி, தன்ரை கட்டிலடியிலை திருப்பிக் கொளுத்த வைச்சவவாம். அவவுக்கு இரவிலை நித்திரை வாறேல்லையாம். பாத்துக்கொண்டு கிடக்கிறாவாம். இப்பவும் எரியுதாம்."

 போனில், அவருக்குப் பின்னால் தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆருக்கு எண்டு கேக்கிறா" என்றாள் அக்கா.

"இவருக்கு எண்டு சொல்லு" என்றேன்.

அன்று பின்னேரம் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது நிமிடத்தைத் தவிர எல்லாவற்றையும். அவர் வெகுநேரம் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். எழுத்தில் தரச் சொன்னார். என் பரீட்சைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார், வீட்டுக்கு அனுப்பவில்லை. வெட்டுப்படத்திலிருந்து மெழுகுதிரியை அழித்துவிட்டு, மாடத்துக்குப் பக்கத்தில், இது அடைக்கப்பட்ட கணப்பு, புகைபோக்கி கூரைக்குள் திறந்திருக்கிறது, இங்கே நெருப்பு வைக்கக் கூடாது என்று எழுதினேன். நான் கோட்டையைப் பற்றி எழுதியதில் அந்த ஒரு வரியைத்தான் வாடிக்கையாளர் பாராட்டினாராம்.

சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா எடுத்தாள். குரலில் ஒரே சந்தோஷம்.

"முடிஞ்சுதாம்! நாலு மணிக்குத் தானா எரிஞ்சு முடிஞ்சுதாம். கடைசி வரைக்கும் அவ கண் மூடேல்லையாம். இப்ப அவவோடை கனநேரம் கதைச்சனான். பாவம், தனிச்சுப்போய்க் கிடக்குது அந்தச் சீவன். வெள்ளிக்கிழமை மனிசன் சந்தைக்குப் போன நேரம் போன் மூண்டுதரம் அடிச்சதாம். எழும்ப ஏலாதெல்லே, கேட்டுக்கொண்டு கிடந்தாவாம். பிறகு நிண்டிட்டுதாம். கனநேரம் ஒண்டுமில்லையாம். ஆரோ அந்தரப்பட்டு அடிச்சிருக்கினம், பிறகு மனம் மாறி விட்டிட்டினம் எண்டு நினைச்சு, அவைக்காகவும் சேத்து ஒரு செபம் சொன்னவவாம். அது நீயோடி?"

"ஓம்."

"பிறகேன் விட்டனி?"

குசினிக்குள்ளிருந்து என் கணவர், "நாலும் நூத்தாச்சு, வா" என்று கூப்பிட்டார்.

"வேலையா இருந்தனான் அக்கா" என்றேன்.